அடல்ட்ஸ் ஒன்லி போர்டைக் கண்டு பதறாதேங்கோ, ஆனா இந்தப் பிழையளை விடாதேங்கோ

நிலாவெளிப் பக்கம் ஒரு ரிசோர்ட், பூலுக்குப் போற வழியில "அடல்ட்ஸ் ஒன்லி" எண்டு சின்னதா ஒரு போர்டு. அதைக் கண்ட உடன அம்மா என்ர மருமகளை இழுத்துத் தன்ர சீலைத் தலைப்புக்குள்ள வச்சு, "அங்கால பாக்காத பிள்ளை, அது கூடாத இடம்" எண்டா. நான் எட்டிப் பாத்தா உள்ளுக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சில கவிட்டு வச்சிட்டு நல்ல நித்திரை. அம்மாவைக் குறை சொல்ல ஏலாது, அவவுக்கு அந்தச் சொல்லு பழைய தியேட்டர் போஸ்டர் மூலையில கண்ட சொல்லுத்தானே.

நான் திருகோணமலை உப்புவெளியில இருக்கிறன். அதால ஒவ்வொரு ஆகஸ்ட்டும் லண்டன், கனடா, சுவிஸ் எண்டு வந்து இறங்குற எங்கட ஆக்களுக்கு ரூம் புக் பண்ணுறது, வான் பிடிக்கிறது எல்லாம் என்ர தலையில. கோணேஸ்வரத்தில ஒரு அர்ச்சனை, கன்னியாவில ஒரு குளிப்பு, பிறகு ரெண்டு நாள் ரிசோர்ட், இதுதான் வழமை. இந்த அடல்ட்ஸ் ஒன்லி விசயத்தில எங்கட சனம் விடுற பிழையளை வருசா வருசம் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, அதுதான் எழுதுறன்.

முதல்ல விளங்க வேண்டியது, குடும்ப ரிசோர்ட்டில அந்தப் போர்டு சொல்லுறது "இஞ்ச சத்தம் இல்லை" எண்டதை மட்டுந்தான். பிள்ளையள் பந்தெறிஞ்சு குதிக்காத ஒரு பூல், இல்லாட்டி ஸ்பா, இல்லாட்டி இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மாடி. அவ்வளவுதான் விசயம்.

ஆனா "அடல்ட்ஸ் ஒன்லி ஏரியா" வேற, "அடல்ட்ஸ் ஒன்லி ஹோட்டல்" வேற. இதை மாத்தி விளங்கினா நடுரோட்டிலதான் நிக்க வேண்டி வரும். என்ர மச்சாள் ஒருத்தி லண்டனில இருந்தே போட்டோ வடிவா இருக்கு எண்டு ஒரு இடத்தை புக் பண்ணிட்டா, பேர் வேண்டாம், புக்கிங் பேஜில ஹோட்டல் பேருக்குப் பக்கத்திலயே அடல்ட்ஸ் ஒன்லி எண்டு போட்டுக் கிடந்திருக்கு, இவ அதைப் பூலுக்கு எண்டு நினைச்சிட்டா. கொழும்பில இருந்து வான் வந்து சேர இரவு ஒன்பதரை. அஞ்சு வயசும் எட்டு வயசும் பின் சீட்டில நித்திரை. ரிசப்ஷன் தம்பி பாவம், கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கிறான். எனக்கு போன் வந்து, நான் அங்க இஞ்ச கதைச்சு வேற இடத்தில ரூம் எடுத்துக் குடுக்க பதினொண்டு தாண்டிட்டு, கட்டின காசும் திரும்பி வரேல்லை. இதில இன்னொரு கூத்து, புக் பண்ணேக்க பிள்ளையளின்ர எண்ணிக்கையைப் போடாம விடுறது, விலை குறையும் எண்டு. எண்ணிக்கையைப் போட்டுத் தேடியிருந்தா அந்த ஹோட்டல் பெரும்பாலும் அவவுக்குக் காட்டியே இருக்காது.

அடுத்தது வயசு. "அடல்ட்" எண்டா எத்தனை வயசு எண்டு கேக்காமப் போறது. இதுக்கு உலகத்தில ஒரே கணக்கு இல்லை. பெரிய கப்பல் கம்பனியளையே பாருங்கோ, ராயல் கரீபியன் கப்பலில சோலேரியம் எண்ட பகுதிக்கு 16, டிஸ்னி கப்பலில பெரியாக்களின்ர பூலுக்கு 18, கார்னிவலில செரினிட்டி எண்ட தட்டுக்கு 21. எங்கட பக்க ஹோட்டல்களும் அப்படித்தான், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொண்டு. அதைவிட எரிச்சல் என்னண்டா, ரூமுக்கும் பஃபேக்கும் காசு வாங்கேக்க கன இடத்தில 12 வயசு தாண்டினா பெரியாள் கணக்கு, முழுக்காசு. அதே பிள்ளை அமைதிப் பூல் பக்கம் போனா "சொறி, சின்னாக்கள் வர ஏலாது". அண்ணை இதுக்கு ரிசப்ஷனில போய் ஒரு அரை மணித்தியாலம் சட்டம் கதைச்சார், "சாப்பாட்டுக்குப் பெரியாள், தண்ணிக்குச் சின்னாளோ?" எண்டு. கேள்வி நல்ல கேள்விதான், ஆனா பில்லில உள்ள வயசு வேற காரணத்துக்கு, பூலில உள்ள வயசு வேற காரணத்துக்கு, அதை புக் பண்ண முதலே கேட்டிருந்தா அந்த அரை மணித்தியாலம் மிச்சம்.

பாரிலயும் இப்படி ஒரு பொறி இருக்கு. இலங்கையில 21 வயசுக்குக் குறைஞ்சவைக்குக் குடிவகை விக்க ஏலாது, இது 2006ம் ஆண்டு 27ம் இலக்கச் சட்டம், ஹோட்டல்காரன் நினைச்சு மாத்த ஏலாது. லண்டனில 18, ஒன்டாரியோவில 19, சுவிஸில பியரும் வைனும் 16லயே குடுப்பாங்கள். அப்ப சுவிஸில இருந்து வந்த 19 வயசுப் பொடியன் 18 எண்டு வச்ச அடல்ட்ஸ் ஒன்லி பூலுக்குள்ள ராசா மாதிரிப் போகலாம், அங்க இருக்கிற பாரில ஒரு பியர் வாங்க ஏலாது. தகப்பன் வாங்கிக் குடுக்கிறன் எண்டு நிண்டா வெயிட்டர் பொடியன்தான் வேலைக்குப் பயந்து முழிக்கிறது. போயா நாளெண்டா, அதுதான் பௌர்ணமி, பெரும்பாலும் ஆருக்கும் இல்லை, கலண்டரைப் பாத்திட்டு வாங்கோ.

இனி சத்தியமா எனக்கு மனம் நோகிற இடம். 13, 14, 15 வயசுப் பிள்ளையள். கிட்ஸ் கிளப் பெரும்பாலும் 12ஓட முடிஞ்சிடும், அங்க போனாலும் பேஸ் பெயிண்டிங்கும் பலூனுந்தான், அமைதிப் பூலுக்கு வயசு காணாது, பெரிய பூலில தம்பி தங்கச்சியைப் பாக்கச் சொல்லித் தாய் ஏத்திவிடுவா. என்ர இன்னொரு மருமகளுக்கு அப்ப 15, நல்ல உயரம், ஆரும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சுத் தகப்பன் உள்ளுக்க கூட்டிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில ஒரு அக்கா வந்து எல்லாருக்கும் முன்னால "உங்களுக்கு எத்தனை வயசு?" எண்டு கேட்டு வெளியில அனுப்பினா. பிள்ளை அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. கேட்டவவில பிழை இல்லை, கூட்டிக்கொண்டு போனவரில பிழை. இந்த வயசுப் பிள்ளையளுக்கு எண்டு வேற ஒரு திட்டம் இருக்க வேணும். எங்களுக்கு முன்னாலயே புறாத்தீவு கிடக்கு, 2003ல தேசியப் பூங்காவா ஆக்கினது, நிலாவெளியில இருந்து போட்டில கொஞ்ச நேரம், ஸ்நோர்க்ளிங் போட்டா பவளப்பாறையும், அதிர்ஷ்டம் இருந்தா கறுப்பு நுனிச் செட்டை உள்ள சின்னச் சுறாவும் காணலாம், அது பெரும்பாலும் ஆளை ஒண்டும் செய்யாது. காலமை ஒரு மாமாவோட அங்க அனுப்பினா பிள்ளையளுக்கும் ஒரு கதை கிடைக்கும், தாய் தகப்பனுக்கும் அமைதி கிடைக்கும். லைஃப் ஜாக்கெட் போடாம மட்டும் அனுப்பாதேங்கோ.

கைக்குழந்தை கதை இன்னொண்டு. "நித்திரைதானே கொள்ளுது, ஆருக்கு இடைஞ்சல்?" எண்டு தள்ளுவண்டியோட உள்ளுக்க போறது. நித்திரை கொள்ளுற குழந்தை எழும்பும், அது இயற்கை. ஒண்டை விட்டா ரெண்டாவது வரும், பிறகு அந்தப் போர்டை எடுத்து விறகுக்குத்தான் போட வேணும்.

ஜக்கூசி, அதுதான் குமிழி அடிக்கிற சுடுதண்ணித் தொட்டி, பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும், ஏனெண்டா இதில விதி வெறும் சத்தத்துக்காக இல்லை. அம்மா கேட்டா, "கன்னியாவில சுடுதண்ணியில சின்னனில இருந்து குளிச்ச சனத்துக்கு இது என்ன பெரிய காரியம்?" எண்டு. கன்னியாவில ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, வாளியால அள்ளித் தலையில ஊத்துறம், ஊத்தின தண்ணி வழிஞ்சு ஓடிடும். ஜக்கூசியில கழுத்துமட்டும் அந்தச் சூட்டுக்குள்ளயே இருக்கிறது. 40 பாகை செல்சியஸுக்கு மேல போகக் கூடாது, அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளை இறக்கவே கூடாது எண்டு அமெரிக்காவின்ர நோய்த் தடுப்பு நிறுவனம் சிடிசி சொல்லுது, சின்ன உடம்பு கெதியாச் சூடாகிடும். அடியில தண்ணியை உறிஞ்சுற வடிகாலும் இருக்கு. 2002ல அமெரிக்காவின்ர முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின்ர ஏழு வயசுப் பேத்தி இப்படி ஒரு சுடுதண்ணித் தொட்டியில வடிகால் உறிஞ்சிப் பிடிச்சுத்தான் செத்தது, அதுக்குப் பிறகு 2007ல அங்க அதுக்கெண்டே சட்டம் போட்டவை. அதால "ரெண்டு நிமிசம் இருக்கட்டுமே" எண்டு ஆரும் கேட்டா நான் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போடுவன்.

அமைதிப் பூலில கன இடத்தில சின்னாக்களுக்கான ஆழம் குறைஞ்ச பக்கமே இருக்காது, லைஃப்கார்டும் நிக்க மாட்டார். கரையில விளையாடுற பிள்ளை வழுக்கி உள்ளுக்க விழுந்தா, நீங்கள் நினைக்கிற மாதிரிக் கத்திக் கையடிச்சுக் கூப்பிடாது, சத்தமே இல்லாமத் தாழும். பக்கத்தில கிடக்கிறவை காதில ஹெட்போன், கண்ணில கறுப்புக் கண்ணாடி.

பிள்ளையளைப் பற்றி இவ்வளவு சொல்லிட்டு பெரியாக்களைச் சும்மா விட ஏலாது. எங்கட ஆக்கள் அமைதிப் பகுதிக்கு வந்தா செய்யிற முதல் வேலை கனடாவுக்கு வீடியோ கோல், அதுவும் ஸ்பீக்கரில. "இஞ்ச பார் மச்சான், பூலைப் பார், கடலைப் பார்" எண்டு போனைச் சுத்திக் காட்ட, நீச்சல் உடுப்போட கிடக்கிற வேற ஆக்களின்ர மனுசிமார் எல்லாம் டொரொன்டோவில தெரியும். ஒருக்கா எங்கட சித்தப்பாமார் நாலு பேர் புளூடூத் ஸ்பீக்கரோட வந்து பைலா போட்டவை, அண்டைக்கு அந்த ஹோட்டலில இருந்த சின்னப்பிள்ளையள் எல்லாம் அவையளைவிட அமைதி. உடுப்பும் அப்படித்தான், பருத்தி டீசேட்டோட, சுடிதாரோட இறங்க விடமாட்டாங்கள், நூல் பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும், முழுசா மூட விருப்பம் எண்டா நீச்சலுக்கெண்டே நீளக்கை உடுப்பு இருக்கு, வாங்கிக்கொண்டு வாங்கோ.

காசு பற்றி ஒரு வரி. சில இடத்தில அமைதிப் பகுதி ரூம் காசுக்குள்ள வரும், சில இடத்தில கட்டில் போட்ட கூடாரத்துக்கு வேறயாக் காசு, பகல் மட்டும் வந்து போற டே அவுட்டிங் பக்கேஜில பெரும்பாலும் சேராது. விலைக்குப் பின்னால ரெண்டு பிளஸ் போட்டிருந்தா 10 வீதம் சேர்விஸ் சார்ஜும் 18 வீதம் வற் வரியும் மேல ஏறும், 5000 எண்டு கண்டது பில்லில குறைஞ்சது 6490.

கடற்கரைக்கு இந்த விதி ஓடாது எண்டதையும் தெரிஞ்சு வையுங்கோ. மணல் பொதுச்சொத்து, ஹோட்டலுக்கு முன்னால இருந்தாலும் ஊர்ப் பிள்ளையள் பட்டம் விடும், மீன்பிடிக்காரர் கரைவலை இழுப்பினம், "நான் அமைதிக்குக் காசு கட்டினனான்" எண்டு அவையோட சண்டைக்குப் போகாதேங்கோ. போன வருசம் ஒருத்தர் போய், அவையே இவருக்கு ரெண்டு பாரை மீன் குடுத்து அனுப்பினவை, அது வேற கதை.

இப்ப நான் எழுத வெளிக்கிட்டதே இதுக்காகத்தான். பெரியாக்கள் உள்ளுக்க போனா வெளியில பிள்ளையளை ஆர் பாக்கிறது? இதைக் கதைக்காமலே போறதுதான் பெரிய பிழை. கிட்ஸ் கிளப் இருக்கெண்டு நினைப்பினம், போய்ப் பாத்தா நாலு வயசுக்குக் கீழ தாய் இல்லாம எடுக்க மாட்டினம், மத்தியானம் பூட்டு. பிறகு எல்லாற்ற கண்ணும் ரெண்டு பேரில விழும், ஒண்டு முழங்கால் நோவோட இருக்கிற அம்மா, மற்றது கலியாணம் கட்டாத நான். "சித்தியோட இருங்கோ", "மாமியோட விளையாடுங்கோ" எண்டு சொல்லிட்டு மூண்டு சோடியும் துவாயைத் தோளில போட்டுக்கொண்டு போயிடும். ஒருக்கா நான் ஏழு பிள்ளையளை மூண்டு மணித்தியாலம் பாத்தனான், அதில ரெண்டுக்கு நீச்சல் தெரியாது, ஒண்டுக்கு வயித்துப்போக்கு. புக் பண்ணினது நான், விலை குறைச்சது நான், அந்த அமைதிப் பூலில கால் நனைக்காத ஒரே ஆளும் நான். அம்மா அப்ப ஒண்டும் சொல்லேல்லை, வானில வரேக்கதான் மெதுவாக் கேட்டா, "அதுக்குள்ள கிழவியளை விடுவாங்களோ?" எண்டு. அவ தனக்கு அங்க இடமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா.

அதால இந்த முறை ரூம் புக் பண்ண முதல் குடும்ப வாட்ஸப் குரூப்பில ஒரு அட்டவணை போட்டிட்டன், மணித்தியாலக் கணக்கில. காலமை பத்து தொடக்கம் பன்னிரண்டு மட்டும் லண்டன் மச்சாள் பிள்ளையளோட, அவ புருசன் வளர்ந்த பிள்ளையளைப் புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறது. பின்னேரம் மூண்டு தொடக்கம் அஞ்சு அண்ணை. அந்த நேரம் அம்மாவும் நானும் உள்ளுக்க. அண்ணை இன்னும் பதில் போடேல்லை, நீலக் கோடு ரெண்டு மட்டும் விழுந்து கிடக்கு.