தானாக ஓடிய வைப்பர்: பிசிஎம் மாற்றிய அனுபவம்

மழையே இல்லாமல் வைப்பர் ஓடும். காலையில் பார்த்தால் பேட்டரி காலி. வைப்பர், விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் கணினிப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூல் (பிசிஎம்) மீது சந்தேகம் வந்தாலும், விலை கூடிய பாகம் என்பதால் முதலில் ஃபியூஸ், எர்த் இணைப்பு, பேட்டரி எல்லாம் பார்த்தேன். குறையில்லை. வண்டியைப் பூட்டி, மாட்யூல்கள் உறங்கும்வரை, அதாவது ஓய்வு நிலைக்குப் போகும்வரை காத்திருந்து, நிற்கும் வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்கசிவை அளந்தேன். 50 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டியது அரை ஆம்பியரைத் தாண்டி நின்றது. பிசிஎம் ஃபியூஸை உருவியதும் சட்டென்று இறங்கியது. அந்த ஃபியூஸ் வேறு சிலவற்றுக்கும் மின்சாரம் தருவதால் மாட்யூலையே கழற்றிப் பார்த்தேன். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு! முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை அடைக்காமல் புதுசு மாட்டினால் அதுவும் போகும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாட்டுவது சுலபம். வேலையே கோடிங்கில்தான். பாக எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். எலக்ட்ரீஷியன் ஸ்கேனர் வைத்து வண்டியின் விவரங்களை ஏற்றி, சாவிகளையும் மறுபடி பதிவு செய்தார். அந்த நேரம் முழுக்க பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருந்தோம். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் புது மாட்யூலும் பாழ். பழையது வாங்குபவர்கள், அதை உங்கள் வண்டிக்கு மாற்றி எழுத முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இப்போது கசிவு 30 மில்லிஆம்பியர்தான். பவர் விண்டோவின் ஆட்டோ வசதியை மட்டும் மீண்டும் செட் செய்ய வேண்டியிருந்தது.