புங்குடுதீவில் நண்பரின் புது வீட்டுக்குப் போகுமுன்

கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று நெடுங்காலம் இருந்துவிட்டு ஊரில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் புங்குடுதீவில் இப்போது பலர். அப்படி ஒரு நண்பரிடம் விடுமுறைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்டு வைக்க வேண்டியது வீட்டு இலக்கம் அல்ல, வட்டாரம். தீவு 12 வட்டாரங்களாகப் பிரிந்தது. எத்தனையாம் வட்டாரம், எந்தக் கோயிலடி, எந்தச் சந்தியால் திரும்புவது என்ற மூன்றும் தெரிந்தால் ஓட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் விடுவார். உள்ளொழுங்கைகளைக் கைபேசி வரைபடம் காட்டும் என்று நம்ப வேண்டாம். வாசலில் நின்று லொக்கேஷன் அனுப்பச் சொல்லி நண்பரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறை வரை போகும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரிய சூட்கேஸ்கள் இருந்தால் பஸ்ஸை மறந்து வான் பிடியுங்கள். தேவையான காசை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துவிடுங்கள். சின்னக் கடைகளிலும் வள்ளத்திலும் கார்ட் எடுபடாது.

வீட்டுக்குள் போனதும் தெரிந்திருக்க வேண்டிய பெரிய விஷயம் தண்ணீர். வீடு மாளிகை மாதிரி இருக்கலாம், கிணறு அப்படி இராது. சுண்ணாம்புக்கல் நிலத்தின் கீழே கடல்நீர்மேல் மெல்லிய படையாகத்தான் நன்னீர் நிற்கிறது. மோட்டாரால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உவர் மேலே ஏறும்; ஏறினால் அடுத்த மாரி பெய்யும்வரை அந்தக் கிணறு தேறாது. அதனால்தான் பல வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் வேறு நன்னீர் வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஷவரில் பத்து நிமிடம் நின்றால் சுமார் 100 லீட்டர் போகும். நாலு பேர் குளித்தால் 400. கூரையில் இருப்பது 1,000 லீட்டர் டாங்கி என்றால் காலையிலேயே பாதிக்குக் கிட்ட முடிந்துவிடும். வாளியில் அள்ளிக் குளித்தால் ஆளுக்கு 20 லீட்டர் தாராளம். உவர்நீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று மேலும் மேலும் பூசினால் கழுவ இன்னும் தண்ணீர்தான் செலவாகும். பவுசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் எடுப்பிக்கும் வீடென்றால், தங்கும் நாட்களில் ஒரு பவுசருக்கான காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள். நண்பர் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். வற்புறுத்திக் கொடுங்கள், எந்த அன்பளிப்பையும்விட அது பெரிய உதவி.

மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலிருந்து போகிறவர்கள் கொண்டுபோகும் தலைமயிர் உலர்த்தி, ஸ்திரிப்பெட்டி எல்லாம் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. முனையை மாத்திரம் மாற்றிச் செருகினால் கருகிவிடும். அடியில் '100–240' என்று எழுதியிருக்கும் சார்ஜர்களைப் பயமில்லாமல் பாவிக்கலாம். புது வீடுகளில் பெரும்பாலும் லண்டன் மாதிரிச் சதுர முனைதான்.

குடிபூரலுக்கே (புதுமனை புகுவிழாவுக்கே) போகிறீர்கள் என்றால் அன்று வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. கவரில் வைக்கும் காசு 5,001, 10,001 என்று ஒன்றில் முடியட்டும். பிறகு போகிறவர்கள் என்ன தேவை என்று கேட்டு வாங்குவதே நல்லது. மீன், நண்டு வாங்கிக்கொண்டு போக ஆசைப்பட்டால் கிழமையைப் பாருங்கள். செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் மச்சம் அடுப்பேறாது.

ஊரைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிள் போதும், காலை ஒன்பதுக்கு முன் அல்லது பின்னேரம் நாலுக்குப் பின். நண்பரின் மோட்டார் சைக்கிளை எடுக்க வெளிநாட்டு லைசன்ஸ் மாத்திரம் போதாது. இலங்கையில் அங்கீகாரம் பெறாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது, மாட்டுப்படுவது நண்பர். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுப்போன வளவுகள் இன்னும் பற்றையாகக் கிடக்கின்றன. அவற்றுக்குள் கட்டு இடிந்த கிணறுகள் உண்டு. புல் மூடியிருப்பதால் கால் வைக்கும்வரை தெரியாது. பாட்டன் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஊரவர் ஒருவரை முன்னே விட்டுப் பகலில் போகவேண்டும். பிள்ளைகளின் கையை விடவேண்டாம். கடற்படை முகாம் பக்கம் கமெரா நீட்ட வேண்டாம். ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வள்ளத்தில் 20 நிமிடத்துக்குள் போய்விடலாம். நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கட்டிப் போனால் அலைச்சல் இல்லை. மதியத்துக்கு அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. ஆனித் திருவிழா நாட்களில் துறையில் நெடுநேரம் வரிசையில் நிற்க நேரும், முதியவர்களை அப்போது கூட்டிப்போக வேண்டாம்.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நயினாதீவோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறை. குறிகாட்டுவானிலிருந்து கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அலை கடுமை, வள்ளம் நிற்கவும் கூடும். முதல் நாள் மாலையே விசாரியுங்கள். வயிறு பிரட்டுகிறவர்கள் வள்ளத்தின் நடுவில் இருங்கள், பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அங்கே இறங்கி ஓட்டோ பிடித்தால் முருகைக்கல் மதில்கள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டை, வெளியில் மேயும் குதிரைகள் எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் பார்க்கலாம்.

நெடுந்தீவு இறங்குதுறை அருகே, குமுதினி என்ற பயணிகள் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் உள்ளது. நீங்கள் கடந்து வந்த அதே கடலில்தான் அது நடந்தது. உறவுகளை இழந்தவர்கள் இன்னும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். அங்கே நின்று செல்பி எடுக்காதீர்கள்.

கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே ஓட்டியிடம் கேட்டு, அதை நண்பருக்கும் போனில் சொல்லிவிடுங்கள். தவறவிட்டால் இரவு நெடுந்தீவில்தான்.