ஜெபத்தின் கடைசி வரியை முதல் வரிக்குக் கொண்டுவருவது எப்படி?

"டீச்சர், பிதாவுக்குமா கையில ஆணி அடிச்சாங்க?"

ஓய்வுநாள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டான். தப்பு என்னுடையதுதான். முடிவு ஜெபத்தில், "அன்பின் பிதாவே, எங்களுக்காக உம்முடைய கைகளில் ஆணிகளை ஏற்றுக்கொண்டீரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்தியவள் நான். சிலுவையில் ஆணி ஏற்றவர் குமாரனாகிய இயேசு, பிதா அல்ல. முன்னிலையில் நிற்பது யார் என்று பார்க்காமல் பேசியிருக்கிறேன்.

இது பழைய தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிரக்சேயாஸ் என்பவரை மறுத்து எழுதும்போது, இந்த ஆள் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குத்திக்காட்டுகிறார். பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று பிரக்சேயாஸ் கொள்கையாகவே சொன்னவர். எனக்குக் கொள்கை ஒன்றும் இல்லை, வெறும் வாய்ப்பழக்கம்.

எங்கள் தென்மாவட்டத்துச் சபைகளில் ஜெபம் எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். "இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்." பத்து நிமிடம் "இயேசப்பா, இயேசப்பா" என்று பேசிவிட்டு, கடைசியில் பிதாவைக் கூப்பிட்டு, அதுவரை யாரிடம் பேசினோமோ அவர் பெயரிலேயே கேட்கிறோம். கடிதத்தை ஒருவருக்கு எழுதி, உறையில் வேறொருவர் விலாசம் போட்ட மாதிரி. விலாசம் சரிதான். அதைப் பார்த்துக் கடிதத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கடந்த நான்கு ஞாயிறு ஆராதனையில் பாடிய பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் "நீர்", "உம்", "உமக்கு" வரும் இடத்தில் கோடு போட்டு, அந்த "நீர்" யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். பிதா, குமாரன், ஆவியானவர் என்று மூன்று பத்தி போதாது. தேவனைப் பற்றிப் படர்க்கையில் பேசும் பாட்டுக்கு ஒரு பத்தி வேண்டும். "மனமே", "நெஞ்சே" என்று நம்மையே கூப்பிடும் கீர்த்தனைகளுக்கும் ஒன்று. அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். 103ஆம் சங்கீதமே "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்றுதான் தொடங்குகிறது.

இந்த வேலையில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று "கர்த்தர்". நம் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டின் கர்த்தரும் கர்த்தர், "கர்த்தராகிய இயேசு"வும் கர்த்தர். பாட்டின் மற்ற சரணங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முடிவு செய்ய முடியாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். இன்னொன்று "அப்பா". கெத்செமனேயில் இயேசு "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டார் (மாற்கு 14:36). அது அவர் பேசிய அரமேயச் சொல். நம் காதுக்கு வீட்டுச் சொல்லாகவே விழுகிறது. பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத பாக்கியம். ஆனால் நாம் அதை எடுத்து இயேசுவின் பெயரோடு ஒட்டி "இயேசப்பா" ஆக்கிவிட்டோம். குழந்தைகள் அப்படிக் கூப்பிடுவதைத் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள். பெரியவர்கள் மைக்கில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் நோட்டில் பிதாவின் பத்திதான் மெலிந்திருந்தது. ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது.

அடுத்து ஜெபம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மழைக்காக ஜெபித்தோம். வழக்கமாக இப்படிப் போகும்: "இயேசப்பா, மழை தாங்கப்பா, குளம் வறண்டு கிடக்குதப்பா, நீங்க நல்லவரப்பா, தாங்கப்பா." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கும் நகரவில்லை. அன்றைக்கு நான் முந்தின இரவே எழுதிக்கொண்டு போனது இது:

"பரலோகப் பிதாவே, நல்லோர் வயலுக்கும் தீயோர் வயலுக்கும் மழை பெய்யப்பண்ணுகிறவரே, இந்த ஐப்பசியில் எங்கள் குளத்தை நிரப்பும். நிறைந்த பின் கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் விடுகிற மனதை எங்களுக்குத் தாரும். உம்முடைய குமாரன் இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்."

யாரைக் கூப்பிடுகிறோம், அவர் எப்படிப்பட்டவர், என்ன வேண்டும், எதற்காக வேண்டும், யார் மூலம். இந்த ஐந்தும் வந்தால் போதும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நம் ஜெப புத்தகத்தில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் இருக்கிற சுருக்க ஜெபத்தின் எலும்புக்கூடு இதுதான். இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் 1549இல் ஆங்கிலத்தில் முதல் பொது ஜெப புத்தகத்தைத் தயாரித்தபோது, அவற்றில் பலவற்றை அதைவிடப் பழைய லத்தீன் ஜெபங்களிலிருந்து எடுத்தார். பெரும்பாலானவை பிதாவை நோக்கியவை. லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஜெபம் போல ஒன்றிரண்டு மட்டும் குமாரனிடம் பேசும். நாற்பது நாள் உபவாசித்தவர் அவர் அல்லவா. நாம் அந்தப் பக்கத்தை மனப்பாடத்தில் ஒப்பித்துத் தாண்டிவிடுகிறோம்.

நான்கு வாரம் எழுதி வைத்து ஜெபியுங்கள். எழுதி ஜெபித்தால் ஆவி இருக்காது என்று ஒருவர் சொல்வார். அவர் பதினைந்து வருடமாக ஒரே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கவனித்துப் பாருங்கள்.

ஸ்தோத்திர பலி நேரத்தில் பிதாவை எதற்காகத் துதிப்பது என்று வாய் அடைத்துப்போகும். எபேசியர் 1ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். 3ஆம் வசனம் முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். பவுல் மூச்சு விடாமல் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். தெரிந்துகொண்டார், பிள்ளைகளாக்கிக்கொண்டார், குமாரனைத் தந்தார், ஆவியால் முத்திரை போட்டார். மூன்று பேரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள், ஆனால் ஸ்தோத்திரம் போய்ச் சேரும் இடம் பிதா.

சரி, "இயேசுவைக் குறைக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயரிடமே என்னைப் பற்றிப் புகார் சொன்னார்கள். ஸ்தேவான் கல்லடி படும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றுதான் கூப்பிட்டான். வெளிப்படுத்தல் 5இல் ஆட்டுக்குட்டியானவருக்கும் துதி உண்டு. ஆகவே இயேசுவை நோக்கிப் பாடுவது தவறு என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் இல்லை. பெரிய வெள்ளியன்று நோட்டை மூடி வையுங்கள். ஆனால் பொதுவான ஓட்டம் எந்தப் பக்கம் என்பதில் பழைய சபைக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ ஊரில் 393இல் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடி, பலிபீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே செல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். பிற்காலத்தில் பெரிய இறையியலாளராக அறியப்பட்ட அகஸ்டின் அப்போது அங்கே குருவாக இருந்தார், ஆயர் ஆகவில்லை. எல்லா நாவும் இயேசு கிறிஸ்து கர்த்தர் என்று அறிக்கையிடுவதும் "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்றுதான் பிலிப்பியர் 2:11இல் முடிகிறது. ஐயர் சிரித்துக்கொண்டே, "'எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தவரே இயேசுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இனி சொல்வதை அவசரமில்லாமல் செய்யுங்கள். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, பரமண்டல ஜெபத்தில் முதல் வரிக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்பதிலிருந்துதான் சேர்ந்துகொள்வாள். அவள் வீட்டு நிலைமை ஊருக்கே தெரியும். அப்பா சாயங்காலமானால் எந்த நிலையில் வருவார் என்பதும் தெரியும். அவளிடம் போய் "தேவன் உன் அப்பா மாதிரி" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! நான் சொன்னேன் ஒரு தடவை, ஒரு பாட்டுக்கு விளக்கமாக. அவள் முகம் போன போக்கை மறக்கவில்லை.

பிறகு வேறு வழியாகப் போனேன். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்ற யோவான் 14:9ஐ மட்டும் வைத்துக்கொண்டு, குழந்தைகளை மடியில் எடுத்த இயேசு, அழுத இயேசு, மீன் சுட்டுக்கொடுத்த இயேசு என்று வாரம் ஒரு கதை. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரே வரி: "பிதாவும் இப்படித்தான்." அப்பா என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. அவள் முதல் வரிக்கு இன்னும் வரவில்லை. போன மாதம் உதடு அசைந்த மாதிரி இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியாகப் பாட்டு வரிசை. ஒரேயடியாக மாற்றாதீர்கள், கீபோர்டு வாசிக்கும் தம்பி கோபித்துக்கொள்வான். தொடக்கப் பாட்டை மட்டும் பிதாவை நோக்கியதாக வையுங்கள், மற்றவை வழக்கம்போல இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பலகையில் பாட்டு எண் மாட்டுவதற்குள் சீட்டைக் கொடுத்துவிடுங்கள். ராகம் தெரியாத பாட்டென்றால் வெள்ளிக்கிழமையே.