முள்ளுப்புல்: செடியை விடுங்கள், காயைப் பிடியுங்கள்

காலுறையில் ஒட்டிவரும் எதையும் கெமுஞ்சுப் (மலாய்ப் பெயர் கொண்ட ஓர் ஒட்டுப்புல்) என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். கெமுஞ்சுப்பின் விதை ஊசிபோல மெலிந்தது. புல் பல்லாண்டு வாழும். உருண்டையாக, சுற்றிலும் முள்ளோடு இருந்தால் அதுதான் முள்ளுப்புல், அறிவியல் பெயர் சென்க்ரஸ் எக்கினேட்டஸ். கொழுக்கட்டைப்புல்லின் உறவு, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓராண்டுப் புல் என்பதால் செடி தானே செத்துவிடும். காய் மண்ணில் விழாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

பினாங்கின் பத்து ஃபிரிங்கி மாதிரி கடலோர மணல் தரை இதற்குத் தோது. இளஞ்செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: அடித்தண்டு சிவந்திருக்கும், வேரோடு பழைய முள்காயும் தொங்கிக்கொண்டு வரும். ஒரே காயில் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். ஒன்று முளைத்தாலும் மற்றது மண்ணில் உறங்கிக் கிடக்கும். ஒரு தடவை பிடுங்கியதோடு விட்டவர்கள் ஏமாறுவது இதனால்தான். கதிர் வருமுன், மழை பெய்து மண் இளகிய மறுநாள், வேரோடு எடுங்கள். இங்கே ஆண்டு முழுக்க மழை. எனவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வரவேண்டும்.

புல்வெட்டியை ஒட்டத் தாழ்த்தி வெட்டுவது இன்னொரு தவறு. தண்டு தரையோடு சாய்ந்து, கத்திக்குக் கீழேயே காய்த்துவிடும். கூடவே, நல்ல புல் மெலிந்து வெற்றிடம் உண்டாகும். முள்ளுப்புல்லுக்கு வேண்டியதும் அதுதானே! காய்த்த இடத்தில் மெஷின் ஓட்டினால் காய் தோட்டம் முழுக்கச் சிதறும்.

காய்த்தபின் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பது காசுக்குக் கேடு. செடி கருகும், முற்றிய விதைக்கு ஒன்றும் ஆகாது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தேடவே வேண்டாம். மலேசியாவில் அது 2020 முதல் தடை.

உதிர்ந்த காய்களைத் துடைப்பத்தால் கூட்டினால் பாதி மணலிலேயே நிற்கும். பழைய கம்பளியையோ சணல் சாக்கையோ தரையில் இழுத்தால் முள்ளே வந்து மாட்டிக்கொள்ளும். அதைச் சுருட்டித் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டு எருக்குழியின் சூடு விதையைக் கொல்லப் போதாது. கொளுத்தினால் திறந்தவெளி எரிப்புக் குற்றம்.

குத்திய முள்ளை வெறுங்கையால் இழுக்காதீர்கள். முள்ளில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. காயை அடியோடு இடுக்கியால் பிடித்து, முள் போன வழியே நேராக இழுங்கள்.