வீட்டுக்கு பிரஷர் வாஷர்: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் காம்பவுண்டு சுவரும் மொட்டைமாடியும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் சேற்றை விட்டுப் போனதும் நமக்கு மறக்காது. தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லதுதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் “எத்தனை பார்?” (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று கேட்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச அழுத்தம். ஓடும்போது மெஷின் தருவது அதைவிடக் குறைவு. 130 பார் என்று விற்கும் பல மெஷின்களின் லேபிளில் வேலை அழுத்தம் 90 பாரை ஒட்டித்தான் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். பைக், கார், வாசல் எல்லாவற்றுக்கும் அது தாராளம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பாருங்கள். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். அடித்துக்கொண்டு போவது தண்ணீர். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 6 முதல் 8 லிட்டர்தான் தரும் என்பதால், கெட்டிச் சேற்றை முதலில் மண்வெட்டியால் வாரிவிட வேண்டும்.

அழுத்தம் கூடக் கூட நல்லது என்று நினைத்தால் வீட்டுக்கே சேதம். மாடியில் தட்டோடு பதித்திருந்தால், ஓடுகளுக்கு நடுவே பூசிய கலவையை அது பெயர்த்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் கீழே இறங்கி சீலிங் ஓதம் அடிக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உள்ள சுண்ணாம்புப் பூச்சு இன்னும் மென்மையானது. அங்கே மெஷினை எடுக்கவே வேண்டாம், நார் பிரஷ் போதும் என்பேன். வண்டிக்கு அகலமாக விசிறும் 40 டிகிரி நாசில்தான் சரி. ஒரே கோடாகப் பாயும் 0 டிகிரி நாசில் பெயிண்டை உரித்துவிடும். பைக் செயின், வீல் பேரிங், ஒயரிங் பக்கம் நேராக அடிக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட யார் மேலும் பீய்ச்சக் கூடாது. தோலைக் கிழித்து உள்ளே போகும் வேகம் அது.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. மூன்று மீட்டர் உயரத்து டேங்கிலிருந்து குழாய்க்கு வருவது சுமார் 0.3 பார் மட்டுமே. அதனால் டிரம்மிலிருந்தும் தானே உறிஞ்சிக்கொள்ளும் மெஷினா என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரில் மணல் வந்தால் பம்ப் சீல் தேயும். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும், அதை அடிக்கடி கழுவவும் வேண்டும். ஹோஸில் தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போட்டால் பம்ப் வறண்டு ஓடிக் கெடும்.

மாதம் ஓரிரு முறை கார் கழுவ கார்பன் பிரஷ் மோட்டார் போதும். நீண்ட நேரம் ஓட்டுவதென்றால், கனமாக இருந்தாலும் இண்டக்‌ஷன் மோட்டாரே (கார்பன் பிரஷ் இல்லாதது) தாங்கும். 1800 வாட் மெஷின் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போடாமல், எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள். ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சாதனம்) இருப்பது அவசியம்.

கடலூர் தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அதனால் மெஷினை வெளியே விடாமல் உள்ளே வையுங்கள். கன் (தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடி), ஹோஸ், ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆகியவை உள்ளூரிலேயே கிடைக்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சையும் குழாயையும் அணைத்து, கன்னை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்ட பிறகே ஹோஸைக் கழற்றுங்கள்.