‘கையறுநிலை’ என்ற சொல்லை எங்கே, எப்படி எழுதுவது?

துயரமான செய்தி எதுவானாலும் ‘கையறுநிலை’ என்று எழுதிவிடும் வழக்கம் இன்று பரவியிருப்பதால், அச்சொல்லைக் கையாளுமுன் அதன் பொருளைச் சற்றே பிரித்துப் பார்ப்பது நல்லது. இங்கே ‘கை’ என்பது உறுப்பைக் குறிக்கவில்லை; கையால் ஆகும் செயலைக் குறிக்கிறது. அச்செயல் அற்றுப்போய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிட்ட நிலையே கையறுநிலை.

தொல்காப்பியம் இதனை, நிலையாமையைப் பாடும் காஞ்சித்திணையின் துறைகளுள், அதாவது பாடற்பொருளின் உட்பிரிவுகளுள், ஒன்றாகச் சொல்கிறது. இறந்தவரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது அது. புறநானூற்றின் 112ஆம் பாடலும் இத்துறையைச் சேர்ந்ததே. சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இத்திங்களின் வெண்ணிலவில் இரண்டும் இல்லை என்று பாரியின் மகளிர் ஐந்தே அடிகளில் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அழுகை, கண்ணீர் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை என்பதை எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

இன்றைய உரைநடையில் சாவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் முயற்சிகள் யாவும் தீர்ந்திருக்க வேண்டும். மூன்று மருந்துக்கடைகளில் ஏறி இறங்கியும் மருந்து கிடைக்காமல், காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான்காவது கடையின் பூட்டிய கதவுக்கு முன் படியில் உட்கார்ந்துவிட்ட தாய் கையறுநிலையில் இருக்கிறாள். பேருந்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த பேருந்து உண்டு. அவருக்கு ‘எரிச்சல்’ போதும்.

‘விரக்தி’ வேறு. அது மனம் வெறுத்து ஒதுங்குவது. வழி இருந்தும் வேண்டாம் என்றிருப்பவருக்கும் அது பொருந்தும். கையறுநிலையில் இருப்பவருக்கோ வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது, வழிதான் இல்லை. ‘கையாலாகாத்தனம்’ இன்னும் வேறு; அது வசைச்சொல். அதிகாரமும் பணமும் இருந்தும் ஒன்றும் செய்யாத நிர்வாகம் தன்னைக் ‘கையறுநிலையில் உள்ளோம்’ என்று சொல்லிக்கொண்டால், செய்தி எழுதுபவர் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைப்பதே நேர்மை.

‘கையறுநிலை’ வினைத்தொகை என்பதால் சேர்த்தே எழுதலாம். ‘கையறுநிலையில் நின்றனர்’, ‘கையறுநிலைக்குத் தள்ளப்பட்டனர்’ என்பன இயல்பான தொடர்கள். ‘கையற்று நின்றான்’ என்பது பழைய வழக்கின் அழகுடையதே. ஆனால் ‘கையற்ற மனிதர்’ என்று பெயரெச்சமாக எழுதினால், கையில்லாதவர் என்றே இன்றைய வாசகர் படிப்பார்.