சென்னையில குழந்தைங்களோட வீடு மாத்தறீங்களா? முதல்ல ஏரியாவை இப்படிப் பாருங்க

வீடு பாக்கப் போறப்ப நாம எல்லாரும் பண்றது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு புரோக்கர் கூட போவோம், ரோடு காலியா இருக்கும், ஹால்ல நல்ல வெளிச்சம் வரும், டோக்கன் கொடுத்துட்டு வந்துருவோம். நானும் வேளச்சேரி பக்கம் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் போனேன், திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குப் பெரியவளைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கினப்பதான் அந்தத் தெருவுல பிள்ளை நடக்க ஒரு அடி இடம்கூட இல்லன்னு தெரிஞ்சது. அதுக்கப்புறம் ரெண்டு வீடு மாறிட்டோம், ரெண்டு தடவையும் வீட்டை அரைமணி நேரம் பாத்தேன், ஏரியாவை ஒரு வாரம் பாத்தேன். எப்படின்னு வரிசையா சொல்றேன், இப்பதான் முதல்முறையா வீடு தேடறவங்களுக்காக.

1. கிளம்பறதுக்கு முன்னாடி மேப்

மொபைல்ல மேப்பைத் திறந்து அந்த வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு என்ன இருக்குன்னு பாருங்க. ஸ்கூல், அங்கன்வாடி, பார்க், மெடிக்கல் ஷாப், அவ்வளவு போதும். அந்த ஒரு கிலோமீட்டருக்கு இன்னொரு காரணமும் இருக்கு, கல்வி உரிமைச் சட்டம் 2009 படி தனியார் ஸ்கூல்ல ஆரம்ப வகுப்புல 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும், நம்ம ஊர்ல அதுக்கு வீடு ஸ்கூல்லேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களைத்தான் பாக்கறாங்க (சிறுபான்மை ஸ்கூலுக்கு இது கிடையாது). வீடு மாறினா ரேஷன் கார்டு, ஆதார்ல விலாசம் மாத்தற வேலையும் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கறதுக்குள்ள முடியணும், இதை யோசிக்காம ஜூன்ல மாறினவங்க நிறைய பேரு.

2. ஸ்கூல் நாள்ல காலைல 8 மணி

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், வேற எதுக்கும் நேரமில்லன்னாலும் இதைப் பண்ணுங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் அந்த வீட்டு வாசல்லேர்ந்து ஸ்கூல் கேட் வரைக்கும் நடங்க. வண்டியில போகாதீங்க. நடந்தாத்தான் பிளாட்பாரம் எங்க முடியுது, எங்க டிரான்ஸ்ஃபார்மர் வழியை அடைச்சு நிக்குது, மழைநீர் வடிகால் மூடி எங்க உடைஞ்சு கிடக்குதுன்னு தெரியும்.

ஒரு இடத்துல நின்னு குனிஞ்சு பிள்ளையோட உயரத்துக்கு வந்து ரோட்டைப் பாருங்க. அஞ்சு வயசுப் பிள்ளையோட கண்ணு தரையிலேர்ந்து ஒரு மீட்டர்தான் இருக்கும், ஓரமா நிறுத்தி வச்ச கார் ஒண்ணு போதும், வர்ற வண்டி எதுவுமே அதுக்குத் தெரியாது, ஓட்டறவருக்கும் பிள்ளை தெரியாது. நமக்கு சாதாரணமா தெரியற முக்கு அதுக்கு அப்படி இல்ல. அந்த வேளச்சேரி தெருவுல ஒரு முக்குல தண்ணி லாரி திரும்பினப்ப நானும் பொண்ணும் ஒரு வீட்டுப் படியில ஏறி நின்னோம், தினமும் அதே படியில ஏறி நின்னோம்.

அந்த நேரத்துல வேற பிள்ளைங்க தனியா நடந்து வர்றாங்களான்னும் கவனிங்க. ரெண்டு பொண்ணுங்க பேக் மாட்டிக்கிட்டு பெரியவங்க யாரும் இல்லாம பேசிக்கிட்டே போனா அந்தத் தெருவை அந்த அம்மா அப்பாங்க நம்பறாங்கன்னு அர்த்தம்.

3. சாயங்காலம் பார்க்

பார்க் இருக்குன்னு போர்டைப் பாத்து சந்தோஷப்பட வேண்டாம், உள்ள போய் ஊஞ்சலுக்குக் கீழ தரையைப் பாருங்க. பிள்ளைங்க கால் உரசி உரசி மண்ணு குழியா இருந்தா தினமும் ஆடறாங்க. புல்லு முளைச்சிருந்தா யாரும் வர்றதில்ல. லைட் எரியுதா, டாய்லெட் திறந்திருக்கா, அம்மாக்கள் உக்காந்திருக்காங்களா, இதெல்லாம் ஆறரை மணிக்குப் போனாத்தான் தெரியும். கேகே நகர் சிவன் பார்க், அண்ணா நகர் டவர் பார்க் மாதிரி எல்லா ஏரியாவுலயும் இருக்காது, ஆனா சின்னதா ஒரு மாநகராட்சி விளையாட்டுத் திடல் நடக்கற தூரத்துல இருந்தாக்கூட பிள்ளையோட வாழ்க்கையே மாறிடும்.

அப்படியே டாஸ்மாக் எங்க இருக்குன்னு பாத்துருங்க. மாநகராட்சி எல்லைக்குள்ள ஸ்கூல், கோயில்லேர்ந்து 50 மீட்டர் தள்ளி இருந்தா போதும்னுதான் விதி, ஐம்பது மீட்டர்ங்கறது ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நடை. கடை மதியம் 12 மணிக்குத் திறக்குது, ஸ்கூல் விடறப்ப அந்த வாசல் எப்படி இருக்குன்னு மூணரை மணிக்குப் போய்ப் பாருங்க.

4. தண்ணி, ரெண்டு விதமாவும்

மழையில தண்ணி நிக்குமான்னு புரோக்கர்கிட்ட கேட்டா நிக்காதுன்னுதான் சொல்வாரு. கேள்வியை மாத்திக் கேளுங்க: "2023 டிசம்பர் புயல்ல இங்க கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு?" தெருவுல இருக்கறவங்க இதுக்கு யோசிக்காம பதில் சொல்வாங்க. அந்த மிக்ஜாம் புயல் வந்தப்ப பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் போட்ல ஆளுங்களை வெளிய கொண்டு வந்தாங்க, 2015 வெள்ளத்துலயும் அடிபட்ட இடங்கள்தான் இதெல்லாம்.

யாரையும் கேக்காமலேயே செவுரு சொல்லும். ஈபி மீட்டர் பாக்ஸ் புதுசா தலைக்கு மேல ஏத்தி வச்சிருக்கா, மோட்டார் ஒரு மேடை கட்டி மேல இருக்கா, வாசல்ல புதுசா ரெண்டு படி கட்டியிருக்கா, காம்பவுண்ட் செவுத்துல ஒரே மட்டத்துல பழுப்புக் கோடு ஓடுதா. பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துட்ட தெருக்கள் இங்க ஏகப்பட்டது, கேட்லேர்ந்து வீட்டுக்குள்ள கீழ இறங்கிப் போறீங்கன்னா மழைத்தண்ணியும் அப்படியேதான் இறங்கும். கைக்குழந்தை வச்சிருக்கறவங்க தரைத்தளம் எடுக்கறதா இருந்தா இதுல சமரசமே வேண்டாம்.

குடிக்கற தண்ணிக்கு மெட்ரோ வாட்டர் லைன் இருக்கா, வாரத்துல எத்தனை நாள் வருது, போர் தண்ணியோட டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) எவ்வளவுன்னு கேளுங்க. 500க்குள்ள இருக்கறதுதான் நல்லது. 2019ல நம்ம ஏரியெல்லாம் வத்தினப்ப இந்தத் தெரு எப்படிச் சமாளிச்சதுன்னும் பழைய ஆளுங்ககிட்ட விசாரிங்க.

5. காத்து, ஆஸ்பத்திரி

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு பக்கம் வீடுன்னா ராத்திரி ஒரு தடவை போய் நின்னு பாருங்க, 2022 ஏப்ரல்ல பெருங்குடியில தீப்பிடிச்சு நாள் கணக்கா புகைஞ்சது. மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. வீசிங் இருக்கற பிள்ளைன்னா இதை இரண்டாம்பட்சமா வைக்காதீங்க. ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்திருக்கற மெடிக்கல் ஒண்ணு, குழந்தை டாக்டர் ஒருத்தர், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம், இது மூணும் தெரிஞ்சா போதும்.

6. யார்கிட்ட கேக்கறது

இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட. எல்லா வீட்டு வாசலும் அவருக்குத் தெரியும், பகல் பூரா அந்தத் தெருவுலதான் நிக்கறாரு. "அண்ணே, இங்க சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடு எத்தனை இருக்கும்?"னு ஆரம்பிங்க. எங்களுக்கு ஒருத்தர் விரல் விட்டு எண்ணி ஒன்பதுன்னு சொன்னாரு, எந்தப் பிள்ளை எந்த வகுப்புங்கற வரைக்கும் சொன்னாரு, எந்த வீட்டு நாய் துரத்தும்னும் சொன்னாரு. இப்ப அந்தத் தெருவுலதான் இருக்கோம். மளிகைக் கடை அக்கா, ஸ்கூல் வேன் டிரைவர், இவங்களையும் விடாதீங்க.

டோக்கன் உடனே கேப்பாங்க, இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்கன்னு சொல்வாங்க. "ரெண்டு நாள் டைம் கொடுங்க சார்"னு கேட்டு வாங்குங்க, அந்த ரெண்டு நாள்ல ஒண்ணாவது ஸ்கூல் நாளா இருக்கணும்.